ஒன்பதாவது மாடியில் பாவமன்னிப்பு

நாலாவது மாடித் திருப்பத்தில் முதலாளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சுதான் முட்டியது, வாய் ஓயவில்லை.

"மன்னிப்பு கேட்கிறோம்னு எழுதாதய்யா. கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கனமா ஒரு இங்கிலீஷ் வார்த்தை போடு. 'அப்சால்வ்'னு போடு."

கம்பெனிக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மேலே, ஒன்பதாவது மாடியில், நிருபர்கள் காத்திருந்தார்கள்.

போன மாதம் எங்கள் கம்பெனி மாட்டிக் கொடுத்த லிஃப்ட் ஒரு குடியிருப்பில் அறுந்து விழுந்தது. உள்ளே இருந்த டீச்சருக்கு இரண்டு கால்களும் நொறுங்கிப்போயின.

அவர் விடைத்தாள் கட்டோடு ஏறியதுதான் காரணம், பாரம் தாங்கவில்லை என்று அறிக்கை சொன்னது. முதலாளி சொன்னார், நான் எழுதினேன். எழுதும்போது கை கூசியது. இதை ஊர் நம்பிவிட்டால் பழி டீச்சர் தலையில் விழும். வைத்தியத்துக்குக்கூட எங்களிடமிருந்து எதுவும் பெயராது.

"சார், அது பாதிரியார் பாவமன்னிப்பு கொடுக்கும்போது சொல்ற வார்த்தை. அதுவும் பாவத்தை ஒத்துக்கிட்டாத்தான். நமக்கு நாமே கொடுத்துக்க முடியாது."

"அதுக்குன்னு இப்போ பாதிரியாரைத் தேடிப் போகச் சொல்றியா? நம்ம கம்பெனி, நம்ம அறிக்கை. போடு."

காகிதத்தைச் சுவரில் வைத்துப் போட்டேன். படித்துப் பார்த்தார். பாதிப் பாவம் அங்கேயே கழிந்துவிட்டது போல முகம் தெளிந்தது.

ஏழாவது மாடியில் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். எட்டாவதில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். படி ஏறினால் இதயத்துக்கு நல்லது என்று ஆபீஸ் முழுக்கச் சுற்றறிக்கை விட்ட மகராசன் இவர்தான். அதுவும் போன மாதம்தான்.

ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தோம். கேமராக்கள் திரும்பின. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கனமான வார்த்தைக்கு வந்தார்.

டிங் என்று மணி அடித்தது.

லிஃப்ட் கதவு திறந்தது. கதவின் மேல் எங்கள் கம்பெனி பெயர் பளபளத்தது.

கணவர் தள்ள, சக்கர நாற்காலியில் டீச்சர் வெளியே வந்தார். நிருபர்களில் யாரோ வரவழைத்திருக்க வேண்டும். விரல்கள் நாற்காலிக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தன. படியேற அவருக்குக் கால் உதவாது.

வியர்வையில் தொப்பலாக நனைந்து நின்ற முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார்.

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது சார். நீங்க ஏன் படியேறி வந்தீங்க?"