மிதவையின் மானம்

பெனடிக்ட் வீட்டு வாளியில் ஜெர்மன் பாணி இளமஞ்சள் பீர் நொதித்துக்கொண்டிருந்தது. இனிப்பை அளக்க அதில் விட்டிருந்த கண்ணாடி மிதவைக்குத் தலைகால் புரியவில்லை. இனிப்பு தாங்கிப் பிடித்ததில் அது கழுத்து வரை வெளியே நின்றது.

“ஏ ஈஸ்டு, நுரைக்குள்ள என்ன பண்றே?”

“சாப்பிடறேன்” என்றது ஈஸ்டு.

ஈஸ்டு இனிப்பைத் தின்னத் தின்ன, மிதவை கீழே இறங்கியது.

“பாவி! என் மானத்தையே தின்னுட்டியே! இனிமே என்னை யார் மதிப்பா?”

பெனடிக்ட் மூடியைத் திறந்தான். மிதவை வெட்கத்தில் இன்னும் முங்கப் பார்த்தது.

“அடேயப்பா, இவ்வளவு இறங்கிடுச்சா! இனிப்பு தீர்ந்துடுச்சு, பீர் தயார்!” என்று அவன் குதித்தான்.

மிதவை தொண்டையைச் செருமிக்கொண்டு ஈஸ்டிடம் சொன்னது:

“பார்த்தியா? இவ்வளவு தூரம் இறங்க நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா? நீ பாட்டுக்குத் தின்னுட்டுக் கிடந்தே!”