முன்வரிசைப் பஞ்சு

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரை முன்வரிசையில உட்கார வைக்க முடியாது."

அரங்கத்தின் செயலாளர் ஒப்பனை அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் இதைச் சொன்னார். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று தூக்கத்தில்கூடக் கவலைப்படுகிற மனிதர்.

சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏன்?"

"நேரடி ஒளிபரப்பு. கேமரா முதல்ல முன்வரிசையைத்தான் காட்டும். அங்க உங்க வீட்டுக்காரரே காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கு?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளுடைய ஜாஸ் எந்த மெட்டுக்குள்ளும் அடங்காது. சின்னச் சின்ன இடங்களில் வாசித்தே தலை நரைத்துப் போனவளுக்கு, ஊரின் பெரிய அரங்கம் இன்றுதான் கதவைத் திறந்திருக்கிறது. போன மாதம்தான் ஒரு பத்திரிகை அந்தப் பஞ்சுக் காதைப் பெரிதாகப் படம் பிடித்துப் போட்டு, 'கட்டினவருக்கே தாங்கலை!' என்று கிண்டலடித்திருந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்தார். லாரி மெக்கானிக். "நான் வெளியில டீக்கடையில இருக்கேன்மா. நீ வாசி."

"உட்காருங்க."

"சரி, பஞ்சையாவது எடுத்துடுங்க சார். கொஞ்ச நேரம்தானே?" செயலாளர் கெஞ்சினார்.

"எடுத்தா என் மூஞ்சி போற போக்கு இதைவிட மோசமா இருக்கும் சார். இவ அந்த மேல் சத்தத்தைப் பிடிச்சு இழுக்கும்போது பல்லெல்லாம் கூசுது. கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன், கேட்டாத்தானே?"

"ஒரு ஸ்வரம்கூடக் குறைக்க மாட்டேன்" என்றாள் அவள்.

"குறைக்காதே. ஆனா பிடிச்சிருக்குன்னு நானும் பொய் சொல்ல மாட்டேன்."

செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க இசையோட அருமை தெரிஞ்சவங்க அந்த இடத்துக்குத் தவம் கிடக்கிறாங்க மேடம்! ஒண்ணும் புரியாத மனுஷனுக்காக இதைக் கெடுத்துக்காதீங்க. இன்னைக்கு விட்டா இந்த மேடை உங்களுக்கு மறுபடி கிடைக்காது."

அவள் சாக்ஸபோனைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். இந்த மேடைக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள்! ஆனாலும் பெட்டியை மூடினாள்.

"மேடம்! டிக்கெட் எல்லாம் வித்தாச்சு!"

"அவர் முன்வரிசையில உட்கார்ந்தா கச்சேரி. இல்லைன்னா அரங்கத்தைப் பூட்டிக்கோங்க" என்றாள். "என் முதல் கச்சேரிக்கு நீங்களும் வந்திருந்தீங்க சார். ரெண்டாவது வரிசை. ஞாபகம் இருக்கா?"

செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்குக் காதைத் திறந்து வச்சிருந்த அத்தனை பேரும் பாதியிலேயே எழுந்து போனீங்க. கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தது, பஞ்சு வச்சிருந்த இந்த மனுஷன் ஒருத்தர்தான்."