வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

"இதுக்கெல்லாம் யார் பொறுப்புன்னு இன்னிக்கே தெரிஞ்சாகணும்," என்று ரெஜிஸ்டர் சார் மேஜையைத் தட்டினார். தட்டிய கை வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கட்டட வரைபடம் போட்டுத் தரும் அந்த ஆபீஸுக்கு அவர் மேனேஜர். குண்டூசி கொடுத்தாலும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். அதனால் வந்த பெயர். மரியாதையில் வைத்த பெயர் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அன்று திங்கட்கிழமை. எல்லா வரைபடங்களும் இருந்த பெரிய கம்ப்யூட்டர் காலையிலேயே மண்டையைப் போட்டிருந்தது. ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் எட்டு மாத உழைப்பு அதற்குள்ளே. பதினொரு மணிக்கு முதலாளியம்மா வருவார். பன்னிரண்டுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள்.

"வேற யாரு, ஒயரம்மாதான்," என்றார் சார். கழுத்தில் ஏதாவது ஒரு ஒயரோடு திரியும் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரப் பெண்ணை ஆபீஸே அப்படித்தான் கூப்பிடும். "மெஷினைப் பார்த்துக்கறது அவங்க வேலை. வரைபடத்துக்கெல்லாம் காப்பி எடுத்து வைக்கறதும் அவங்க வேலை."

வரைகிறவர்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அடுப்பைத் திட்டுகிற மனுஷர் அவர்.

தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கடிதம் அடித்தார். 'கவனக்குறைவு காரணமாக, உங்கள் கவனக்குறைவு ஒன்றே காரணமாக, இன்றோடு வேலையிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.' அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது மணி ஒன்பதரை.

ஆதாரம் வேண்டுமே. அலமாரியிலிருந்து காப்பி நோட்டை உருவினார்.

வெள்ளிக்கு வெள்ளி ஒரே வரி: 'எல்லா வரைபடங்களுக்கும் காப்பி எடுத்தாயிற்று.' பக்கத்தில் கையெழுத்து. அழகாகச் சுழித்த, சாட்சாத் அவருடைய கையெழுத்து.

மூன்று வருஷத்துக்கு முன்னால், "யாரையும் நம்ப முடியாது, நானே எடுக்கறேன்" என்று அந்த வேலையை வாங்கி வைத்துக்கொண்டவர் அவர். எப்படி எடுப்பது என்று கேட்கக் கூச்சம். கையெழுத்துப் போட யாரும் கற்றுத்தர வேண்டாமே. போட்டுக்கொண்டே வந்துவிட்டார். வேலை மிச்சம் என்று மாசம் பிறந்ததுமே அந்த மாசத்தின் நாலு வெள்ளிக்கும் ஒரே மூச்சில் போடுவார்.

கிழித்துவிடலாமா? வழியில்லை. நோட்டுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று, அதை மாசாமாசம் ஜெராக்ஸ் எடுத்து முதலாளியம்மா அறையில் பூட்டி வைத்தவரும் அவரேதான். அந்த ஆபீஸில் ஒழுங்காகக் காப்பி எடுத்து வைத்த பொருள் அது ஒன்றுதான்.

'உனக்கு இது வேணும்டா' என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஜெராக்ஸ் விரிந்து கிடந்தது. ஓரமாக ஒயரம்மா.

"காப்பி எடுக்கறது யார் பொறுப்பு?" என்றார் முதலாளியம்மா.

பையிலிருந்த கடிதம் கனத்தது. அதைக் கொடுத்தால் அவள் வேலை போகும். கொடுக்காவிட்டால் தன் வேலை போகும். வாயைத் திறந்தார்.

"சார்தான் மேடம்," என்றாள் ஒயரம்மா.

தொலைந்தோம் என்று நினைத்தார்.

"சார் பொறுப்பில எடுத்து வச்ச காப்பி எல்லாம் ஸ்டோர் ரூம் பெட்டியில பத்திரமா இருந்தது மேடம். திருப்பி ஏத்திட்டேன். ஆஸ்பத்திரிக்காரங்க வரும்போது படம் ரெடியா இருக்கும்."

முதலாளியம்மா முகம் தெளிந்தது. ஜெராக்ஸைப் புரட்டினார். "வர்ற வெள்ளிக்கிழமைக்கும் இப்பவே கையெழுத்து இருக்கே?"

"சார் எதையும் முன்கூட்டியே செஞ்சிடுவார் மேடம்." அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

வெளியே வந்ததும் சார் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, ஸ்டோர் ரூம்ல பெட்டி இருக்கறதே எனக்குத் தெரியாதே?"

"நான் வச்சது சார். வராத வெள்ளிக்கிழமைக்கு நீங்க கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன். அன்னிக்கே வச்சுட்டேன். பெரிய கம்ப்யூட்டர்ல இருந்தும், எல்லார் கம்ப்யூட்டர்ல இருந்தும் கால் மணிக்கு ஒரு தடவை தானா காப்பி எடுத்துக்கும்."

சார் கடிதம் தெரியாதபடி சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "எதுவும் விட்டுப்போகலையே?"

"ஒண்ணுகூட விடலை சார். காலையில நீங்க அடிச்ச லெட்டர் வரைக்கும் வந்திருக்கு. மேடம் ரூமுக்குள்ள நான் வர்றதுக்கு முன்னாடியே படிச்சேன். 'கவனக்குறைவு' ரெண்டு தடவை வருது சார், ஒண்ணை எடுத்துடலாம்."