முன்னூறாவது மீட்டர்

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைச்சதும் உனக்குச் சோம்பேறித்தனம் வந்துடுச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றார் கோச், ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டே.

சிட்டு தலைகுனிந்து நின்றாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. நானூறு மீட்டர் ஓடி முடிக்க, நாலு மாதத்துக்கு முன்பு ஆனதைவிட இரண்டு விநாடி கூடுதலாகியிருந்தது. தேசிய அணித் தேர்வுக்கு மூன்றே வாரம்தான்.

பக்கத்தில் அவளுக்கு வழிகாட்டியாகக் கூடவே ஓடுபவன் நின்றிருந்தான். அவன் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனை அவள் கையில் இருந்தது.

சிட்டுவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு சாண் கயிற்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, அடிக்கு அடி சேர்ந்து ஓடுவார்கள். மைதானத்தில் அவனுக்குப் பெயரே கயிறு அண்ணன்தான். கை வீசுவது எப்படி என்று, தன் முழங்கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கினான். வளைவு வருமுன் "சாய்" என்பான். சாய்வாள். ஆறு வருஷம் ஆகிவிட்டது. "அண்ணி உங்ககூட நடந்த தூரத்தைவிட நான் ஓடின தூரம் அதிகம்" என்று சிட்டு கிண்டல் செய்வாள்.

அவனுக்கும் ஒரு காலத்தில் பெரிய ஓட்டக்காரனாகும் ஆசை இருந்தது. சின்னப் போட்டிகளோடு நின்றுபோயிற்று. இவள் பக்கத்தில் ஓடும்போதுதான் பெரிய மைதானத்தின் கைதட்டல் அவன் காதிலும் விழுந்தது. முடிவுக் கோட்டைத் தொடும்போது மட்டும் அவன் ஒரு தோள் பின்தங்க வேண்டும். விதி அது. அந்த ஒரு தோள் தூரம் அவனுக்கு வலித்ததே இல்லை.

வலித்தது வலது முழங்கால்தான். நாலு மாதமாக.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, வேகமாக ஓடுவதை இத்தோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அவன் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் கயிறு வேறு கைக்குப் போய்விடும். இன்னும் ஒரே ஒரு தடவை அந்தக் கைதட்டலைக் கேட்டுவிட்டால் போதும் என்று நாளைக் கடத்தினான். அதற்குள் பழியெல்லாம் அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் கோச் இருவர் ஷூவிலும் சட்டைப் பட்டன் அளவில் ஒரு கருவியைப் பொருத்தினார். எந்த அடி எவ்வளவு நீளம், பாதம் எத்தனை நேரம் தரையில் தங்குகிறது, எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடுமாம். இனிமேல் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்றார்.

ஓடி முடித்ததும் அவனே முந்திக்கொண்டு கோச்சின் அறைக்குப் போனான். அந்தக் கருவி காட்டிக்கொடுப்பதற்குள் தானே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது.

"சார், தப்பு அவ மேல இல்ல. என் முட்டி போயிடுச்சு. மறைச்சுட்டேன்."

கோச் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினார். முன்னூறு மீட்டர் வரை அடி நீளத்தைக் காட்டும் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு போயின. அங்கே முதலில் இறங்கியது சிட்டுவின் கோடு. அதற்கப்புறம்தான் அவனுடையது.

"அடியைக் குறைக்கிறது அவதான். நீ அவளோட சேர்ந்து இறங்கற, அவ்வளவுதான். அவளைக் காப்பாத்தறேன்னு பொய் சொல்லாதே. என்னைக் கேட்டா, அவளுக்கு ஓடற ஆசையே விட்டுப்போச்சு."

தப்பித்தோம் என்று அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சிட்டு புல்லில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் பார்த்ததைச் சொன்னான். நீதான் அடியைக் குறைக்கிறியா, நிஜமா என்று கேட்டான்.

அவிழ்த்த லேஸை மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள்.

"முன்னூறு தாண்டினா உங்க வலது கால் தரையில விழற சத்தம் மாறிடும்ணே. நாலு மாசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவன் பையைத் திறந்து டாக்டர் சீட்டை எடுத்தான். இதைக் கோச்சிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னான். நாளையிலிருந்து கயிற்றை வேறொருவர் பிடிப்பார், மூன்று வாரத்தில் அவரைப் பழக்கிவிடுவது தன் பொறுப்பு, அவள் தேர்வில் ஜெயித்தே ஆக வேண்டும் என்றான்.

"முதல் நாளே நீ என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா. எதுக்கு இவ்வளவு திட்டு வாங்கினே?"

சிட்டு அவன் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"நான் மெதுவா ஓடினா திட்டுதான் விழும்ணே. நீங்க மெதுவா ஓடினா உங்களை மாத்திடுவாங்களே."