தொட்டில் கட்டை

கழுகுமலை நஸீமாவின் தொட்டிலுக்கு அடியில் வரும் வளைந்த கட்டைகளைக் கோவில்பட்டியில் எங்கள் பட்டறையில்தான் வெட்டினோம். கணினியில் வரைந்த வளைவை வளைவாகவே மரம் வெட்டும் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். நான் அனுப்பியது சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைந்து போய்விட்டது. கட்டை பார்வைக்கு வளைவுதான். ஆட்டினால் டக் டக்கென்று தரையில் தட்டும்.

சில மாதம் கழித்துத் தொட்டிலை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தாள்.

“சத்தம் தாங்கல அண்ணாச்சி. தூங்க முடியல.”

“பிள்ளை முழிச்சிருதாக்கும்?”

“பிள்ளை மவுத்தாகி, அடக்கி ஒரு மாசமாச்சு.”

யார் ஆட்டுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்யப்போகிறேன். முழு வளைவாக அனுப்பிப் புதுக்கட்டை வெட்டி மாட்டினேன். சத்தமே இல்லை. பழைய வேப்பங்கட்டைகளை எதிர் டீக்கடைச் சுடலைராஜ் விறகுக்கு எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் தொட்டிலோடு திரும்பி வந்தாள்.

“பழசையே மாட்டித் தாங்க. சத்தம் இல்லாம, அவன் இருக்கானா இல்லையான்னே தெரியல.”

பழசு இல்லை என்று சொல்லாமல், அந்தத் தப்பான ஃபைலிலேயே மறுபடி வெட்டி மாட்டினேன். அவள் கையால் ஆட்டினாள். அதே டக் டக். கையை எடுத்ததும் தொட்டில் நின்றுவிட்டது.

“கொஞ்சம் இருந்து பாக்கேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட்டில் அசையவில்லை.

எதிரே சுடலைராஜ் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினான்.

“ஏலே, ஒன் கட்டை நல்லா எரியுதுல. வேற கெடக்கா?”

அவன் அடுப்புக்குள்ளிருந்து டக் டக்கென்று கேட்டது. தாலாட்டுகிற சீரில் கேட்டது. நஸீமா எழுந்துவிட்டாள்.