வெறுஞ்சுவர் முன்னால் ஒரு கூட்டம்

நாளை வெளிவரவேண்டிய வீடியோ கேம் அது. ஊர் ஊராகச் சுற்றி மறுமலர்ச்சிக் கால ஓவியங்களை வாங்கிவந்து நம் காட்சிக்கூடத்தில் மாட்டினால், பார்க்கக் கூட்டம் வரும். கோளாறு இருக்கிறதா என்று ஆடிப் பார்ப்பதுதான் அவள் வேலை. எல்லாப் படங்களையும் கழற்றிவிட்டாள். கூட்டம் கலையவில்லை. ஓரத்திலிருந்த வெறுஞ்சுவர் முன்னால் கூடி, வைத்த கண் வாங்காமல் நின்றது.

ஆபீஸே சோடாபுட்டி என்று கூப்பிடும் புரோகிராமரை அழைத்தாள். "அங்க அப்படி என்னதான் இருக்கு?"

"ஒரு மண்ணும் இல்ல. படம் இருந்தாதான் நிப்பாங்க, அப்படித்தான் எழுதியிருக்கேன்." நாற்காலியை இழுத்துப்போட்டு அவளருகே உட்கார்ந்தார். "படத்தையெல்லாம் திருப்பி மாட்டு."

மாட்டினாள். ஒருவரும் திரும்பவில்லை.

"கிட்டப் போய்தான் பாரேன்."

பார்க்காவிட்டால் அவளுக்கும் தலை வெடித்துவிடும். திரையில் தான் ஆட்டுவிக்கும் ஒற்றை ஆளை மெல்ல நடத்திப்போனாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிறகு மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டது, இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு.

"நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சோடாபுட்டி எழுந்து போனார்.

அவர் பின்னால் கதவு சாத்திக்கொண்டதும், திரையிலிருந்தவர்கள் மெல்ல நெருங்கி, ஒருவருக்கு மட்டும் இடம் வைத்துக் காத்திருந்தார்கள்.