கிழக்கு யன்னல்

கடலைப் பார்த்த பெரிய கண்ணாடி யன்னலுக்கு வெளியே கௌசிகா நேற்று கிடுகுத் தட்டி கட்டினாள். இனிக் காலை வெயில் உள்ளே விழாது. இரவெல்லாம் மீன்பிடித்துவிட்டு வரும் கணவன் வினோதன், ஃபான் போடாமலே தூங்கலாம்.

பத்து மணியாகியும் அவன் வரவில்லை. நிறைய மீன் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் குலசிங்கம் வள்ளத்தை விட்டிறங்கி நேரே ஓடி வந்தார். "பிள்ளை, உந்தத் தட்டியை ஏன் கட்டினனீ?"

"வெக்கை மாமா. கரண்டும் மிச்சம்."

"வினோதன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"விடிய வெயில் பட்டு உன்ர கண்ணாடி மினுங்கும். அதை நேர் பிடிச்சுத்தான் நாங்கள் பாறையளுக்கு நடுவால வாறது."

கௌசிகா தட்டியைப் பிய்த்து எறிந்தாள். சூரியன் கூரைக்கு மேலே போயிருந்தது.

"மினுக்கத்தைக் காணேல்லையெண்டு நான் சுத்தி வந்தனான்," என்றார் குலசிங்கம். "அவன் எனக்கு முன்னால வந்துகொண்டிருந்தவன்."